மூன்றாமிடத்துக்கான ஆட்டம்

மாணவர்களே! மல்லாபூரிலும் நாச்சாரத்திலும் மாலை வேளைகளில் தெருவுக்குத் தெரு நடைபெறும் விளையாட்டு எது என்று கேட்டால், கிரிக்கெட் என்று உடனே விடை கூறுவீர்கள். இப்பாடம் வேறொரு விளையாட்டைப் பற்றியது. நுனி வளைந்த கோலால் பந்தை அடித்து ஆடுவதால் அதனை ‘வளைகோல் பந்தாட்டம்’ என்று தமிழில் அழைக்கிறோம். செய்தித்தாள்களும் வர்ணனையாளர்களும் ‘ஹாக்கி’ என்றே கூறுகின்றனர். பேசும்போது ஹாக்கி என்பதில் தவறில்லை. எழுதும்போது வளைகோல் பந்தாட்டம் என்று எழுதிப் பழகுங்கள்.

‘கோல்’ என்ற தமிழ்ச்சொல்லுக்குத் தடி என்பது பொருள். எழுதுகோல், அளவுகோல், செங்கோல் ஆகிய சொற்களில் உள்ள கோல் இதுவே. பந்து வலைக்குள் சென்றால் நாம் கூவும் ‘கோல்’ ஆங்கிலத்திலிருந்து வந்தது. ஆகவே, இவ்விளையாட்டில் கோலால் அடித்துக் கோல் போடுகிறோம்! இரு மொழிச் சொற்கள் ஒரே ஒலியில் அமைந்து ஒரே ஆட்டத்தில் சந்தித்துக்கொண்டது தற்செயலே. இப்பாடத்தில் ‘கோல்’ என்று தனித்து வருமிடமெல்லாம் பந்து வலைக்குள் சென்றதையே குறிக்கும்.

ஓர் அணிக்குப் பதினொருவர் ஆடுவர். ஆட்டம் 15 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகளாக, மொத்தம் 60 நிமிடங்கள் நடைபெறும். இவ்வளவு தெரிந்தால் மேலே செல்லலாம்.

புள்ளிகளும் வெளியேற்றமும்

எந்த விளையாட்டாயினும் பெரும்பாலான தொடர்கள் இரண்டு கட்டங்களாக அமைகின்றன. முதற்கட்டம் லீக் சுற்று. இதில் ஓர் அணி பல அணிகளுடன் ஆடிப் புள்ளிகளைச் சேர்க்கும். வளைகோல் பந்தாட்டத்தில் வெற்றிக்கு 3 புள்ளிகள், சமனுக்கு 1 புள்ளி, தோல்விக்கு ஒன்றுமில்லை. இச்சுற்றில் ஒரு நாள் தோற்றாலும் மறுநாள் ஈடுசெய்ய வாய்ப்புண்டு. இரண்டாம் கட்டம் வெளியேற்றுச் சுற்று. காலிறுதி, அரையிறுதி, இறுதி என்று செல்லும் இச்சுற்றில் தோற்ற அணிக்குக் கோப்பை இல்லை.

கனடா நாட்டில் பனித்தரையில் ஆடும் ஹாக்கி பெரிதும் போற்றப்படுகிறது. தமிழர் பலர் குடியேறி வாழும் ஒண்டாரியோ மாகாணத்தில், 16 முதல் 20 வயது வரையுள்ள இளையோருக்கென ஒரு லீக் நடைபெறுகிறது. செப்டம்பரில் தொடங்கி மார்ச் வரை ஒவ்வோர் அணியும் 68 ஆட்டங்கள் ஆடும். அதன்பின் வரும் வெளியேற்றுச் சுற்றிலும் ஓர் ஆட்டத்தோடு கதை முடிவதில்லை. ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டங்கள் வரை ஆடி, முதலில் நான்கில் வெல்லும் அணியே முன்னேறும். அந்நாட்டின் இளையோர் லீக்குகள் மூன்றிலும் வாகை சூடிய அணிகள் மெமோரியல் கோப்பைக்காக மோதும். முதல் உலகப் போரில் உயிர்நீத்த கனடா வீரர்களின் நினைவாக 1919ஆம் ஆண்டு முதல் வழங்கப்படும் கோப்பை அது. அவ்வளவு நீண்ட பருவத்தில் ஒரு நல்ல அணி ஒரு கெட்ட நாளால் வீழ்வது அரிது.

நாம் ஆடும் புல்தரை வளைகோல் பந்தாட்டத்திலோ ஒரு கெட்ட நிமிடமே போதும். 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இந்தியா தன் கடைசி லீக் ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி என்ற நிலை இருந்தது. இந்தியா 1–0 என முன்னணியில் இருந்தது. ஆட்டம் முடிய இரண்டு நிமிடங்கள்கூட இல்லாத வேளையில் போலந்து ஒரு கோல் போட்டது. ஆட்டம் சமனாயிற்று, மூன்று புள்ளிகள் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றே கிடைத்தது, அரையிறுதி கைநழுவியது.

அந்த அணியில் ஆடிய இருவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். ஒருவர் நம் ஐதராபாத்தைச் சேர்ந்த முகேஷ் குமார். 1992, 1996, 2000 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடியவர். மற்றொருவர் தன்ராஜ் பிள்ளை. அவர் பிறந்தது தமிழ்நாட்டிலன்று, புனே நகரை அடுத்த கட்கியில். பெற்றோர் தமிழர், தந்தையார் அங்குள்ள படைக்கலத் தொழிற்சாலையின் மைதானத்தைப் பராமரித்தவர். புதுக் கோல் வாங்க வழியின்றி, உடைந்த கோல்களைக் கயிற்றால் கட்டி ஆடிப் பழகியவர் தன்ராஜ். 1989 முதல் 2004 வரை இந்தியாவுக்காக 339 ஆட்டங்கள் ஆடினார். நான்கு ஒலிம்பிக், நான்கு உலகக் கோப்பை கண்டார். 1998ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணிக்குத் தலைமை தாங்கினார். எனினும் ஒலிம்பிக் பதக்கம் ஒன்றுகூட அவர் கழுத்தில் ஏறவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த குடும்பத்தின் பிள்ளைகளுக்கு இவரைக் காட்டிலும் பொருத்தமான விளையாட்டு வீரர் ஒருவரை என்னால் சுட்ட இயலவில்லை.

சென்னையும் மதுரையும்

21 வயதுக்கு உட்பட்ட ஆடவர்க்கான இளையோர் உலகக் கோப்பை, 2025ஆம் ஆண்டு நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை தமிழ்நாட்டில் நடைபெற்றது. சென்னை எழும்பூரிலுள்ள மேயர் இராதாகிருஷ்ணன் அரங்கிலும் மதுரையிலும் ஆட்டங்கள் நிகழ்ந்தன. இத்தொடரில் முதன்முறையாக 24 அணிகள் ஆடின. தொடரின் அடையாளச் சின்னம் ‘காங்கேயன்’ என்னும் காளை. உங்கள் தாத்தாவின் ஊர் கொங்கு நாட்டில் இருந்தால் அம்மாட்டின் திமிலைப் பற்றி அவரிடம் கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்.

தமிழ்நாட்டிற்கு இவ்விளையாட்டு புதிதன்று. 1980ஆம் ஆண்டு மாஸ்கோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற இந்திய அணியின் தலைவர் தமிழகத்தைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பெயர்பெற்ற கோவில்பட்டியில் வளைகோல் பந்தாட்டமும் வேரூன்றியுள்ளது. அவ்வூரின் மாரீஸ்வரன் சக்திவேலும், அங்கே பயிற்சி பெற்ற கார்த்தி செல்வமும் 2022ஆம் ஆண்டு ஆசியக் கோப்பையில் இந்திய அணிக்காக ஆடினர். அத்தொடரில் இந்தியா ஜப்பானை 1–0 என வென்று மூன்றாமிடம் பெற்றது.

24 அணிகளும் பிரிவுக்கு நான்காக ஆறு பிரிவுகளில் வைக்கப்பட்டன. பிரிவுதோறும் முதலிடம் பெற்ற ஆறு அணிகளும், இரண்டாமிடம் பெற்றவற்றுள் சிறந்த இரண்டும் காலிறுதிக்குச் செல்லும். எனவே, இரண்டாமிடம் பெற்றால் போதும் என்று எவரும் அமைதியாக இருக்க முடியாது. கோல்களின் எண்ணிக்கையும் கணக்கில் வரும்.

இந்தியா லீக் சுற்றில் சிலியை 7–0 என வென்றது. பாகிஸ்தான் விலகியதால் அதன் இடத்துக்கு வந்த ஓமனை 17–0 என வென்றது. மதுரையில் சுவிட்சர்லாந்தை 5–0 என வென்றது. மூன்று ஆட்டங்களில் 29 கோல்கள். எதிரணிகள் போட்டதோ ஒன்றுமில்லை. பார்ப்பதற்கு அழகான கணக்கு இது. ஆனால், 17–0 என்ற வெற்றி ஓர் அணிக்கு என்ன கற்றுத்தரும்? தன் தற்காப்பில் எங்கே ஓட்டை உள்ளது என்பதை அது காட்டாது. ஓட்டையைத் தேடும் வலிமை எதிரணிக்கு இருந்தால்தானே அது தெரியவரும்?

காலிறுதியில் அது தெரியவந்தது. பெல்ஜியம் முதலில் கோல் போட்டது. இந்தியா இரண்டு கோல்கள் போட்டு முந்தியது. ஆட்டம் முடியும் தறுவாயில் பெல்ஜியம் மீண்டும் ஒன்று போட்டு 2–2 என்றாக்கியது. இத்தகைய வேளையில் ‘ஷூட் அவுட்’ என்ற முறை கையாளப்படும். ஆடுபவர் ஒருவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்படுவார். எதிரே கோல்காவலர் ஒருவர் மட்டுமே நிற்பார். எட்டு விநாடிகளுக்குள் அவரைக் கடந்து பந்தை வலைக்குள் செலுத்த வேண்டும். இவ்வாறு அணிக்கு ஐந்து முறை. இந்தியா 4–3 என வென்றது. கோல்காவலர் பிரின்ஸ்தீப் சிங் அன்று அணியைக் காத்தார்.

டிசம்பர் 7ஆம் நாள் அரையிறுதி. எதிரணி ஜெர்மனி. இந்தியா 1–5 எனத் தோற்றது.

இத்தோல்வியின் கனம் புரிய வேண்டுமானால் பழைய கணக்கையும் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடந்த இளையோர் உலகக் கோப்பையின் அரையிறுதியிலும் இந்தியா ஜெர்மனியிடமே தோற்றது. பின்னர் மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் பிரான்சிடம் 1–3 எனத் தோற்றது. 2023ஆம் ஆண்டு கோலாலம்பூரிலும் அரையிறுதியில் ஜெர்மனியிடம் தோல்வி. மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினிடம் மீண்டும் அதே 1–3. இருமுறையும் நான்காமிடம். இப்போது மூன்றாம் முறையாக அதே ஜெர்மனி, அதே அரையிறுதி. மூன்று நாள் கழித்து அதே மூன்றாமிட ஆட்டம் காத்திருந்தது.

யாரும் விரும்பாத ஆட்டம்

மூன்றாமிடத்துக்கான ஆட்டம் விந்தையானது. அதில் ஆட வேண்டும் என்று எந்த அணியும் ஆசைப்பட்டுத் தொடருக்கு வருவதில்லை. ஆடும் இரு அணிகளும் சற்று முன்னர்த் தோற்றவை. கோப்பை எட்டாது போயிற்று. இந்நிலையில் எதற்காக ஓட வேண்டும்? ஐரோப்பியக் கால்பந்துத் தொடரில் 1980க்குப் பின் இவ்வாட்டத்தையே நீக்கிவிட்டனர். ஒலிம்பிக் குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்குமே வெண்கலம் உண்டு. டோக்கியோவில் அசாமின் லவ்லினா போர்கோஹெய்ன் அவ்வாறுதான் பெற்றார். அடிபட்டுக் களைத்தவரை மீண்டும் சண்டையிடச் செய்யலாகாது என்பது அங்கே நியாயம்.

வளைகோல் பந்தாட்டத்தில் அச்சலுகை இல்லை. மூன்றாமிடத்தை வென்றே பெறவேண்டும். நான்காமிடத்துக்குப் பதக்கம் கிடையாது. டோக்கியோவில் இந்திய மகளிர் அணி மூன்றாமிட ஆட்டத்தில் 0–2 எனப் பின்தங்கி, பின்னர் 3–2 என முந்தி, இறுதியில் பிரிட்டனிடம் 3–4 எனத் தோற்றது. அத்தனை போராடியும் வெறுங்கையோடுதான் திரும்பினர்.

இறகுப்பந்தாட்டத்திலும் இதே விதி. நம் ஐதராபாத்தின் பி.வி. சிந்து டோக்கியோவில் 2021 ஜூலை 31ஆம் நாள் அரையிறுதியில் தோற்றார். அழுவதற்கும் ஆறுவதற்கும் அவருக்குக் கிடைத்தது ஓர் இரவு மட்டுமே. மறுநாள் சீனாவின் ஹெ பிங்ஜியாவோவை 21–13, 21–15 என வென்று வெண்கலம் பெற்றார். அந்த ஓர் இரவில் அவர் தம் மனத்தை எவ்வாறு தேற்றிக்கொண்டார் என்பதை நாம் அறியோம். மறுநாளின் புள்ளிகளை மட்டும் அறிவோம்.

சென்னையில் ஆடிய இளைஞர்களுக்கு இவ்வகையில் ஒரு நற்பேறு இருந்தது. அவர்தம் பயிற்சியாளர் கேரளத்தைச் சேர்ந்த பி.ஆர். ஸ்ரீஜேஷ். இந்தியாவின் கோல்காவலராக அவர் இரண்டு ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றவர். இரண்டுமே வெண்கலம்; இரண்டுமே அரையிறுதித் தோல்விக்குப் பின் மூன்றாமிட ஆட்டத்தில் வென்றவை. டோக்கியோ அரையிறுதியில் இந்தியா பெல்ஜியத்திடம் 2–5 எனத் தோற்றது. அடுத்து ஜெர்மனிக்கு எதிராக 1–3 எனப் பின்தங்கி, மீண்டெழுந்து 5–4 என வென்றது. ஆறு விநாடிகளே எஞ்சியிருந்தபோது ஜெர்மனிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரை ஸ்ரீஜேஷ் தடுத்தார். 1980க்குப் பின் இந்திய வளைகோல் பந்தாட்டம் கண்ட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. 2024ஆம் ஆண்டு பாரிசில், அரையிறுதியில் ஜெர்மனியிடம் 2–3 எனத் தோற்றபின் ஸ்பெயினை 2–1 என வென்று மீண்டும் வெண்கலம். அவ்வாட்டத்தோடு அவர் ஓய்வுபெற்று, இளையோர் அணியின் பயிற்சியாளரானார். தோற்றவன் ஆடும் அடுத்த ஆட்டம் எத்தகையது என்பதை ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர்; களத்தில் நின்று அறிந்தவர்.

டிசம்பர் 10

எதிரணி அர்ஜென்டினா. மூன்றாம் நிமிடத்திலேயே அந்த அணி ஒரு கோல் போட்டது. இந்தியா முதல் பகுதி, இரண்டாம் பகுதி, மூன்றாம் பகுதி என முயன்றுகொண்டே இருந்தது, கோல் விழவில்லை. 44ஆம் நிமிடத்தில் அர்ஜென்டினா இரண்டாவது கோலையும் போட்டது. 0–2. எஞ்சியிருந்தது ஒரே ஒரு பகுதி, 15 நிமிடங்கள். புவனேசுவரமும் கோலாலம்பூரும் மூன்றாம் முறையாகத் திரும்பி வருவதுபோல் தோன்றியது.

49ஆம் நிமிடம், அங்கித் பால் கோல் போட்டார். 52ஆம் நிமிடம், மன்மீத் சிங் போட்டார், கணக்கு 2–2. இவ்விரண்டு கோல்களுக்கும் இடையே மூன்று நிமிடங்களே. எழும்பூர் அரங்கம் எவ்வாறு ஆர்ப்பரித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 57ஆம் நிமிடத்தில் சாரதானந்த் திவாரி, 58ஆம் நிமிடத்தில் அன்மோல் எக்கா. 48 நிமிடங்கள் ஒரு கோலும் காணாத அணி பத்து நிமிடங்களுக்குள் நான்கு கோல்கள் போட்டுவிட்டது. இந்தியா 4–2 என வென்றது. 2001ஆம் ஆண்டு ஹோபர்ட்டிலும் 2016ஆம் ஆண்டு லக்னோவிலும் இக்கோப்பையையே வென்ற இந்தியாவுக்கு, ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த பதக்கம் இது.

அன்றைய இறுதியாட்டத்தில் ஜெர்மனியும் ஸ்பெயினும் 1–1 எனச் சமன் செய்து, ஷூட் அவுட்டில் ஜெர்மனி 3–2 என வென்றது. ஜெர்மனிக்கு அது எட்டாவது இளையோர் கோப்பை. அவர்களை வெல்லும் வழி இந்திய இளையோருக்கு இன்னும் கிட்டவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். லீக் சுற்றில் ஒரு கோலும் விடாத நம் தற்காப்பு, அடுத்த மூன்று ஆட்டங்களில் 9 கோல்கள் விட்டது. போட்டதோ 7. வெண்கலத்தின் பளபளப்பில் இந்த எண்கள் மறைந்துவிடலாகாது.

ஐதராபாத்தில் வாழும் உங்களுக்கு இன்னொரு செய்தி. இந்திய ஹாக்கி லீக்கில் ‘ஐதராபாத் தூஃபான்ஸ்’ என்றும் ‘தமிழ்நாடு டிராகன்ஸ்’ என்றும் இரண்டு அணிகள் ஆடின. 2024–25 பருவத்தில் இரண்டுமே அரையிறுதிக்கு வந்தன. 2025 பிப்ரவரி 1ஆம் நாள் ரூர்கேலாவில் நடந்த இறுதியாட்டத்தில் ஐதராபாத், வங்காள அணியிடம் 3–4 எனத் தோற்றது. இவ்விரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதினால் எந்தப் பக்கம் கைதட்டுவது? பிறந்த ஊரா, பெற்றோரின் ஊரா? வீட்டில் அப்பாவுக்கும் உங்களுக்கும் வழக்கு வரக்கூடும்.

சொற்பொருள்

வளைகோல் – நுனி வளைந்த தடி
தறுவாய் – முடியப்போகும் நேரம்
வாகை சூடுதல் – வெற்றி பெறுதல்
நற்பேறு – நல்வாய்ப்பு
ஆர்ப்பரித்தல் – பெருங்குரல் எழுப்புதல்
ஏடு – நூல், புத்தகம்
வழக்கு – இங்கே, வாக்குவாதம்

பயிற்சி

1. ‘கோல்’ என முடியும் தமிழ்ச்சொற்கள் ஐந்தினை எழுதுக. பாடத்தில் உள்ளவை நீங்கலாக இரண்டேனும் இருக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்கலாம்.

2. ஓர் அணி லீக் சுற்றில் ஒன்றில் வென்று, ஒன்றில் சமன் செய்து, ஒன்றில் தோற்றது. மற்றோர் அணி மூன்று ஆட்டங்களையும் சமன் செய்தது. எந்த அணிக்குப் புள்ளிகள் மிகுதி? எத்தனை புள்ளிகள் மிகுதி?

3. ‘17–0 என்ற வெற்றி ஓர் அணிக்கு என்ன கற்றுத்தரும்?’ என்று பாடம் கேட்கிறது. ஆசிரியரின் கருத்தை நீங்கள் ஏற்கிறீர்களா? மறுப்பவர்கள் காரணத்துடன் மறுக்கலாம்.

4. குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இருவருக்கும் வெண்கலம் தருவதும், வளைகோல் பந்தாட்டத்தில் அதற்காக மீண்டும் ஆடச் செய்வதும் ஆகிய இரண்டனுள் எது முறை? வகுப்பில் இரு பிரிவாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

5. டிசம்பர் 8ஆம் நாள் காலை. முதல்நாள் இரவு 1–5 எனத் தோற்ற அணி பயிற்சிக்கு வருகிறது. நீங்கள் அவ்வணியின் பயிற்சியாளர். அவர்களிடம் முதலில் என்ன சொல்வீர்கள்? பத்து வரிகளில் எழுதுக.